பழைய காயம் பார்க்கும் குறிப்பேடு

2025 சித்திரை 9

வெயில் ஏறினதும் கிளினிக்கில் முதலில் கூடுவது செயற்கைக் கால் போட்டவர்கள்தான். எஞ்சிய கால் இறங்கி நிற்கும் கிண்ணத்தைச் சொக்கெற் என்போம்; அதற்குள் காற்றுப் போக வழியில்லை. வியர்வை தேங்கி, தோல் ஊறி, உரசும் இடத்தில் உரிந்துவிடுகிறது. இதற்குக் களிம்பைவிட ஒழுங்குதான் மருந்து.

எஞ்சிய காலை, வாட்டில் ஸ்ரம்ப் என்போம், இரவில்தான் கழுவ வேண்டும். காலையில் கழுவிய கையோடு மாட்டினால் ஈரத்தில் தோல் சற்று ஊதி, சொக்கெற்றோடு ஒட்டி இழுபடும். காரமில்லாத சோப், இளஞ்சூட்டுத் தண்ணீர், சோப் முழுக்கப் போகும்வரை அலசல், பிறகு ஒற்றித் துடைத்துக் காற்றாட விடுதல். எண்ணெய் பூசுவதென்றால் படுக்கப் போகும்போது மட்டும். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், தோலை வறட்டி வெடிக்கப்பண்ணும். தோட்டத்துக்கும் மேசன் வேலைக்கும் போகிறவர்கள் ஸ்ரம்புக்குப் போடும் காய்ந்த பருத்தி உறை இரண்டைப் பையில் வைத்திருந்து, மத்தியானம் ஒருதரம் கழற்றித் துடைத்து மாற்றினாலே பாதிப் புண் வராது.

சித்திரை 10

உறையைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஸ்ரம்ப் பகலில் சுருங்கும். காலையில் ஒரு உறையோடு இறுக்கமாக நின்றது பின்னேரம் தளரும். அப்போது இன்னோர் உறை போட வேண்டும். போடாமல் நடந்தால் ஸ்ரம்ப் கீழே இறங்கி எலும்பு நுனி அடிவாங்கும். உறைக்கு மேல் உறை போட்டும் ஆடினால் சொக்கெற் மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஸ்ரம்பின் நுனி சொக்கெற்றின் அடியில் படாமல் அந்தரத்தில் தொங்கினால் வேறு சிக்கல். நீர் கோத்து, தோல் கறுத்துத் தடித்து, பலாக்காய்த் தோல் மாதிரி முள்முள்ளாக வரும். பங்கஸ் என்று நினைத்து மாதக்கணக்கில் கிறீம் பூசுகிறார்கள். நுனிக்கு அடியில் மெத்தை வைத்து முழுத்தொடுகை வரும்படி சொக்கெற்றைத் திருத்தினால்தான் அது மாறும்.

வைகாசி 6

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு ஒரே இடம் நசிந்து வரும் அழுத்தப்புண். பாடப்புத்தகம் சிவப்பைத் தேடச் சொல்கிறது. எங்கள் தோலில் பல பேருக்குச் சிவப்புத் தெரியாது; ஊதாவாகவோ, பக்கத்துத் தோலைவிடக் கறுப்பாகவோ இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், விரலால் தடவி இறுக்கமோ சதசதப்போ இருக்கிறதா என்று மற்றப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். நாரிக்குக் கீழ் எலும்பு, இருக்கும் எலும்பு இரண்டு, இடுப்பின் பக்க எலும்பு, குதிக்கால் - நாளுக்கு இரண்டுதரம், காலையும் இரவும். சந்தேகமான இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ஏற்கெனவே நொந்த தசை தேய்ப்பில் கிழியும்.

படுக்கையில் இரண்டு மணிக்கொருதரம் திருப்புவதை 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் போர்க்காயக்காரருக்குக் கண்டிப்பான முறையாக்கினார். இரவும் பகலும் ஆட்களைத் திருப்பியவர்கள் தாதிகள். சக்கர நாற்காலியில் அது போதாது. கையை ஊன்றி ஐந்து பத்து விநாடி எழும்பி இருப்பதால் பெரிய பயனில்லை, நசிந்த இடத்தில் இரத்தம் திரும்ப ஒன்றரை, இரண்டு நிமிடம் பிடிக்கும். முழங்காலை நோக்கி முன்னால் குனிந்து இரண்டு நிமிடம், அரைமணிக்கொருதரம். தோள்மூட்டும் தப்பும். சைக்கிள் ரியூப்பை வளையமாக வைத்து இருப்பதை நிறுத்தவேண்டும். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் இரத்தத்தை அடைக்கிறது.

ஏற்கெனவே திறந்த புண்ணுக்குச் சேலைன் போதும். அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் தட்டின ஒரு தேக்கரண்டி உப்பு, அன்றன்றைக்குச் செய்தது. சுத்தமாகச் சதை வளரும் புண்ணில் ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊற்றினால் நுரை வருவது பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் புதுச் சதையும் சேர்ந்து சாகும். வாய் சின்னனாக இருக்கிறது என்று அளவை நம்பக்கூடாது, உள்ளே குகையாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஆழத்தையும் அளந்து எழுதவேண்டும்.

படையில் இருந்தவர், இயக்கத்தில் இருந்தவர், ஒன்றிலும் இல்லாமல் கிணற்றடியில் நின்று ஷெல் துண்டு வாங்கியவர் - முதுகில் வரும் புண் ஒன்றுதான், திருப்பும் நேரமும் ஒன்றுதான். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வைகாசி 20

மிதிவெடி காலை அறுப்பதோடு நிற்பதில்லை. மண், புல், செருப்புத் துண்டு, எலும்புச் சில் எல்லாவற்றையும் தசைகளுக்கு இடையால் மேலே ஏற்றிவிடும். வெளியில் தெரியும் காயத்துக்கு மேலேயும் அழுக்கு இருக்கும் என்பதால்தான் முதல்நாளே தைத்து மூடாமல், துப்புரவாக்கி, திறந்து விட்டு, நாலைந்து நாள் கழித்து மூடுவது போர்க்கள அறுவைச் சிகிச்சையின் விதி. அவசரத்தில் மூடப்பட்ட கால்களில் பல வருடத்துக்குப் பிறகும் ஒரு துளை திறந்து சீழ் வடியும். அன்ரிபயோற்றிக்குக் காயும், நிறுத்தினால் திரும்ப வரும். உள்ளே இருப்பது துணியோ மரத்துண்டோ என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கான் கேட்க வேண்டும்.

2009 இல் சிறுவயதில் கால் இழந்தவர்களுக்கு இன்னொன்று: வளரும் எலும்பு தோலை முந்திக்கொண்டு கூராக நீளும். மறுபடி வெட்டிச் சீராக்கியிருப்பார்கள், சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்டதரம். தழும்பு தடித்த இடத்தை அதற்கேற்ப மென்மையாகப் பார்க்கவேண்டும்.

ஆனி 11

இன்று எழுதுவதை முள்ளந்தண்டுக் காயக்காரர் இருக்கும் ஒவ்வொரு வீடும் வாசிக்க வேண்டும்.

நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளென்பிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குச் சலப்பை நிரம்பி அடைத்தால் அவருக்குச் சலம் முட்டுவது தெரியாது. உடம்பு வேறு விதமாகச் சொல்லும்: இடிக்கிற தலையிடி, முகம் சிவந்து சூடேறல், காயத்துக்கு மேலே வியர்வை, கீழே குளிர்ந்த தோல். பிறஷர் பாய்ந்து ஏறும். இவர்களுக்கு வழமையான மேல் பிறஷர் 90க்கும் 110க்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே 140 என்பது மற்றவருக்குப் பெரிதில்லை, இவருக்கு ஆபத்து. "ஒண்டுமில்லைப் பிள்ளை, தலையிடிதானே, ஒரு பனடோல் தாங்கோ" என்று ஐயா சொன்னாலும், வாட்டுக்குப் புதிதாக வந்த தாதி 140ஐப் பார்த்து "நோமலாத்தான் கிடக்கு" என்று போனாலும், மூளையில் இரத்தக் கசிவில் முடியலாம்.

செய்யவேண்டியது: படுத்திருந்தால் உடனே எழுப்பி இருத்தி, காலைத் தொங்கவிடுங்கள். பெல்ற், சறம், சலம் சேரும் பையைக் காலில் கட்டிய பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சலம் போகும் குழாய், அதாவது கதீற்றர், மடிந்திருக்கிறதா, உடம்புக்கு அடியில் நசிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். குழாய் அடைத்திருந்தால் தாதி 10, 15 மி.லீ. சேலைன் மெதுவாக விட்டுப் பார்ப்பார், போகாவிட்டால் குழாயையே மாற்றவேண்டும். இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்கொருதரம் பிறஷர். சலத்தில் பிழையில்லை என்றால் அடுத்த சந்தேகம் இறுகிய மலம். அதற்கும் அடுத்தது அழுத்தப்புண், உள்வளர்ந்த நகம். குறையாவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

ஆனி 12

குழாய் அடைவதற்குக் காரணம் பெரும்பாலும் கிருமி. சில கிருமிகள் சலத்தைக் காரமாக்க, உப்பு படிந்து குழாய் நுனியில் மணலாக ஒட்டும். கழற்றிய கதீற்றரை எறியும் முன் நுனியை விரலால் உருட்டிப் பாருங்கள். நறநறவென்றால் அவருக்கு நான்கு வாரத்துக்கொருதரம் மாற்றுவது போதாது, முந்தியே மாற்றவேண்டும். குழாய் கழன்று வராமல் உள்ளே பிடித்திருக்கும் பலூனுக்குச் சுத்திகரித்த தண்ணீர்தான், சேலைன் கூடாது. உப்புக் கட்டினால் கழற்றும்போது பலூன் இறங்காது.

கையால் முடிந்தவர்களுக்கு நாலு முதல் ஆறு மணிக்கொருதரம் தாங்களே குழாய் விட்டு எடுப்பது நிரந்தரக் குழாயைவிட நல்லது. ஒரு முறைக்கு 500 மி.லீ.க்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள்.

ஆவணி 2

நல்லூர்த் திருவிழாக் காலம். ஜெய்ப்பூர் கால் போட்டவர்களுக்குச் செருப்பில்லாமல் நடப்பது கஷ்டமில்லை. 1968 இல் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் சேத்தியும் அந்தப் பாதத்தை வெறுங்காலில் நடக்கவும் குந்தி இருக்கவுமென்றே றப்பரில் உருவாக்கினார்கள். கவனம் வேண்டியவர்கள் கால் இருந்தும் உணர்ச்சி இல்லாதவர்கள். சுடுமணலில் பாதம் பொக்களித்தாலும் தெரியாது. விடியப் பூசைக்குப் போங்கள், பிந்தினால் தடித்த பருத்திக் காலுறை போடுங்கள், வீடு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலியை மணலில் பின்பக்கமாக இழுத்தால் பெரிய சில்லு முதலில் போகும், முன் சில்லு புதையாது.

வெடிச் சத்தத்துக்குத் துடித்தெழும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நேரத்தை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். இரவில் கத்தினால் தோளைப் பிடித்து உலுப்ப வேண்டாம். லைற்றைப் போட்டு, கால்மாட்டில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

புரட்டாதி 4

இவர்களுக்கு வயது போகிறது. ஒற்றைக் காலில் நடந்தவருக்குச் சீனி வருத்தம் வந்தால் பயப்பட வேண்டியது மற்றக் காலுக்குத்தான், எல்லாப் பாரமும் அதில். விரலிடுக்கை நாளாந்தம் பார்க்கவேண்டும்.

காந்தத்தால் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு எழுதினால், உள்ளே ஷெல் துண்டு இருப்பதை மேசையில் ஏறும் முன் சொல்லவேண்டும், முக்கியமாகக் கண்ணிலோ முள்ளந்தண்டிலோ இருந்தால். பழைய எக்ஸ்ரே பலருக்குத் தொலைந்துவிட்டது. ஆகவே சேட்டுப் பையில் ஒரு மட்டை: காயத்தின் மட்டம், வழமையான பிறஷர், துண்டுகள் இருக்கும் இடம், கதீற்றர் அளவு, கடைசியாக மாற்றிய திகதி, லேற்றெக்ஸ் ஒத்துக்கொள்ளுமா என்பது. வருடக்கணக்கில் றப்பர் குழாய் பாவிப்பவர்களுக்கு அந்த ஒவ்வாமை வரும், கையுறைக்கும் சேர்த்துத்தான். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கொடுங்கள்.