200 பேர் ஊருக்கு 95 யூரோ டாக்சி

முதலில் அந்த டாக்சிக்காரரைத் திட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பாரிஸிலிருந்து இரவு ரயிலில் வந்து மோந்தோஃபான்-கியெஸ்த்ர் ஸ்டேஷனில் இறங்கினேன். காபி வாங்க நின்ற ஐந்து நிமிடத்தில் பஸ் போயேவிட்டது. நான் போக வேண்டிய சேன்-வெரான் மலைக்கிராமத்துக்கு 35 கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். 90 யூரோ என்றார். இறங்கும்போது பைக்குத் தனியாக 5 யூரோ! என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு.

ஆனால் கில் ஆற்றின் பள்ளத்தாக்கில் பாறையை ஒட்டி வண்டி ஏறியபோது கோபம் பாதி இறங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓத்-ஆல்ப் மாவட்டத்தில், இத்தாலி எல்லையை ஒட்டிய கேரா மலைப்பகுதியில் இருக்கிறது சேன்-வெரான். உயரம் 2,040 மீட்டர். ஐரோப்பாவிலேயே உயரமான கம்யூன் (நம்ம ஊராட்சி மாதிரி) என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் யுஃப் கிராமம் இதைவிட உயரம். ஆனால் அது தனி கம்யூன் இல்லையாம், அதனால் கணக்கில் வராதாம். கெட்டிக்காரர்கள்!

நிரந்தரமாக வசிப்பவர்கள் 200 பேரைச் சுற்றித்தான். 19ஆம் நூற்றாண்டில் இதுபோலப் பல மடங்கு பேர் இருந்தார்கள். பிழைப்புத் தேடிக் கீழே இறங்கியவர்கள் திரும்பவில்லை.

வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் வெயிலுக்காகத் தெற்குப் பார்த்தவை. கீழே கல், மேலே லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் கட்டைகளை அடுக்கிய வைக்கோல் பரண். வெயில் பட்டுப் பட்டு மரம் கருத்துக் கிடக்கிறது. 1641இல் கட்டிய ஒரு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் மாட்டின் உடல் சூட்டுக்காக மனிதர்களும் தொழுவத்திலேயே படுத்தார்களாம். தீப்பிடித்தால் ஊரே போய்விடும் என்று ஒவ்வொரு வீட்டுக் கூட்டத்துக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். சுவர்களில் சூரியக் கடிகாரங்கள். என் செல்போனோடு ஒத்துப்பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. கோடைக்கால நேரமாற்றம் சூரியனுக்கு எப்படித் தெரியும்?

மதியம் ராவியோல். உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு உருட்டி, பாலேட்டில் போட்டு, மேலே சீஸ் உருக்கித் தருகிறார்கள். விளிம்பில் மொறுமொறுவென்று ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சுரண்டித் தின்றேன். 17 யூரோ, ஒரு பைசாகூட வீண் இல்லை. தங்குவதற்கு என்ன செலவு, எந்த மாதம் போகலாம் என்றெல்லாம் எழுதுவதாக இருந்தேன். சரி, அது இன்னொரு நாள்.

திரும்பும் நாளில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றுகொண்டேன். காபி குடிக்கவில்லை.