மொட்டைக் கோபுரம் நிமிர்ந்த ஊரில்

தென்காசியில் அத்தை வீடு இருப்பது நம் குடும்பத்துக்கு வாய்த்த பாக்கியம் என்று அம்மா அடிக்கடி சொல்வார். ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் அத்தையிடமிருந்து போன் வந்துவிடும். "அருவில தண்ணி விழ ஆரம்பிச்சிட்டு, பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க." இந்த ஆண்டு சனி ஞாயிறோடு வெள்ளிக்கும் லீவு சொல்லிவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டோம். காலையில் கடையநல்லூர் தாண்டியதும் ரயிலின் வலப்பக்கம் மலை தெரியத் தொடங்கும். பாதி மலையை மேகம் மூடியிருந்தால் குற்றாலத்தில் தண்ணீர் உண்டு என்று அர்த்தம். அன்று முக்கால் மலை மூடியிருந்தது.

"வாங்க மதினி" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்ட அத்தை, மதியச் சாப்பாடு முடியும்வரை விடவில்லை. தேங்காய்ப்பாலில் காய்கறி மிதக்கும் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. பிள்ளைகள் அப்போதே அருவிக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அத்தை அசையவில்லை. "இன்னைக்கு வெள்ளிக்கெழமை. மொதல்ல உலகம்மையப் பாத்துட்டு வருவோம். அருவி எங்கயும் போயிராது."

சாயங்காலம் காசி விசுவநாதர் கோயிலுக்கு நடந்தே போனோம். ஒன்பது நிலைக் கோபுரத்தின் வாசலுக்குள் கால் வைத்ததும் காற்று ஆளைத் தள்ளியது. மலைப் பக்கமிருந்து வரும் காற்று அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டிலிருந்த பூச்சரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கை தானாகப் போனது. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றுக்குள் நடந்து பழகியவர். என் மகள் முடியெல்லாம் பறக்க, வாசலுக்கும் வெளிக்குமாக ஓடி ஓடிக் காற்றை அளந்துகொண்டிருந்தாள்.

கோயிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியர். 1446-ல் தொடங்கிய திருப்பணி. வடக்கே காசிக்குப் போக முடியாத தென்னாட்டு மக்களுக்கு இங்கேயே ஒரு காசி வேண்டும் என்று சிவபெருமானே கனவில் சொன்னதாகத் தல வரலாறு. எறும்புகள் சாரை சாரையாகப் போகும் வழியைப் பின்தொடர்ந்து போனால் சிற்றாற்றங்கரையில் லிங்கம் இருக்கும் என்று அடையாளமும் கிடைத்ததாம். இந்தக் கதையை அத்தை சொல்லக் கேட்க வேண்டும். பாண்டிய ராஜாவை ஏதோ பக்கத்துத் தெருவில் இருந்த பெரியவர் மாதிரி சொல்வார்.

சுவாமியை வணங்கி, முருகனைக் கும்பிட்டு, உலகம்மன் சன்னதிக்குப் போனபோது தீபாராதனைக்குத் திரை போட்டிருந்தார்கள். திரை விலகிய நொடியில் அத்தை வாய்விட்டே பேசினார். "தாயே, என் அண்ணன் வீட்டு ஆளுக வந்திருக்காவ, பாத்துக்கோ." அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எத்தனையோ கோயில்களில் வரிசையில் நின்று கும்பிட்டிருக்கிறேன். ஒருவர் என் கையைப் பிடித்து, இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சாமியிடம் சொல்லிக் கும்பிட வைத்தது அங்கேதான். உறவினர் இருக்கும் ஊர்க் கோயிலுக்குப் போவதில் இந்தச் சுகம் இருக்கிறது. அதை எந்தச் சிறப்பு தரிசனச் சீட்டும் தராது.

முன்மண்டபத்தில் வீரபத்திரர், ரதி, மன்மதன் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வெளியே வந்தோம். மாமா கோபுரத்தைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்தக் கோபுரம் கிடையாது. அடிப்பகுதி மட்டும் நிற்கும், ஊரே அதை மொட்டைக் கோபுரம் என்றுதான் சொல்லும். வழிதவறியவர்களுக்கு அடையாளம் சொல்வதும் அந்தப் பெயரால்தான். அப்புறம் ஊர் கூடி, ஒன்பது நிலையும் எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. கலசத்தில் நீர் ஊற்றும்போது அந்தக் கூட்டத்தில் தானும் நின்றதைச் சொன்னபோது மாமாவின் குரல் இறங்கியது.

பிறகு அவர் சொன்ன சங்கதிதான் எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிது. பராக்கிரம பாண்டியர் பாட்டாகவே ஒரு கல்வெட்டு விட்டுப் போயிருக்கிறார். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறார் அரசர். கோயிலுக்குத் தீங்கு செய்தால் பாவம் வரும் என்று எச்சரிக்கும் கல்வெட்டுகள் நாட்டில் எத்தனையோ உண்டு. முடிசூடிய ஒருவர், இன்னும் பிறக்காதவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. "அப்போ 1990-ல காசு குடுத்தவங்களுக்கெல்லாம் ராஜா கும்புடு போட்டாச்சு, அப்படித்தானே தாத்தா?" என்றான் மகன். "காசு குடுத்தவனுக்கு மட்டுமில்லய்யா, சாந்து சொமந்தவளுக்கும் சேத்து" என்றார் மாமா.

மறுநாள் விடியற்காலையிலேயே குற்றாலம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் பேரருவியில் நின்றுவிட வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. தலையில் நல்லெண்ணெய் வைத்து அனுப்பினார். முதல் அடி தோளில் விழும்போது மூச்சு நின்று திரும்பும், அப்புறம் வெளியே வர மனசு வராது. ஈர உடையை மாற்றிக்கொண்டு, அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயிலுக்குள் போனோம். சங்கு வடிவக் கோயில், தல மரம் குறும்பலா, அம்மன் குழல்வாய்மொழி. திருமாலாக நின்றவரை அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது புராணம். அந்தக் கை அழுத்தத்தில் தலை வலிக்குமே என்று சுவாமிக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். எந்நேரமும் அருவிச் சாரல் படும் இடமாயிற்றே, சளி காய்ச்சல் வந்துவிடக் கூடாதென்று சுக்கு, மிளகு சேர்த்த கஷாயமும் நைவேத்தியம். பிள்ளைக்குத் தலை துவட்டிக் கஷாயம் கொடுக்கும் அதே கரிசனம் இறைவனுக்கும் நடக்கிறது. இதைக் கேட்டபின் சன்னதியில் எனக்கென்று எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

குற்றாலத்திலேயே இருக்கும் சித்திர சபையை அவசரமில்லாமல் பாருங்கள். நடராஜர் ஆடியதாகச் சொல்லும் பஞ்ச சபைகளில் ஓவியங்களால் ஆனது இது ஒன்றுதான். சாயங்காலம் பண்பொழி திருமலை முருகன். முழங்கால் வலியால் அம்மா வண்டியில் போனார், நாங்கள் படியேறினோம். மேலே நின்றால் வயலும் தென்னந்தோப்பும் கண்ணுக்கெட்டும் வரை.

ஞாயிறு காலை மாமா கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்குக் கிளம்பியபோது மகன் தானாகவே எழுந்து கூடப் போனான். நானும் போனேன். பிராகாரத்தில் கல்லிடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்குவதுதான் எங்களுக்குக் கிடைத்த வேலை. மதிலோரம் விரல் நீளத்துக்கு ஓர் அரசங்கன்று இருந்தது. "இதை மட்டும் விட்டுறாதய்யா, வேர் பெருத்தா கல்லையே பொளந்துரும்" என்று ஒரு பெரியவர் சின்னக் கம்பியைக் கொடுத்தார். மகன் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறி, வேர் அறுந்துவிடாமல் கடைசி நுனி வரை உருவி எடுத்தான்.

அன்று மாலை ரயிலில் ஏறியதும் அடுத்த பயணத்துக்குத் தேதி கேட்டான். எப்போது போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை தென்காசியில் இருப்பது மாதிரி டிக்கெட் போட வேண்டுமாம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் போகலாம் என்று அத்தையும் சொல்லியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து வருகிற மாதிரி இப்போதே காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.