விலையேற்றக் கடிதமும் ஒரு சிவப்புக் குறியும்

கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொட்டேஷன், நிலுவை நினைவூட்டல், டீலர்களுக்கான சுற்றறிக்கை என்று நாள்தோறும் வெளியே போகும் மின்னஞ்சல்களை வெறும் எழுத்தாக அனுப்புவதா, வண்ணமும் லோகோவும் சேர்த்து வடிவமைத்த டெம்ப்ளேட்டில் அனுப்புவதா என்ற கேள்வியை, சில ஆண்டுகளுக்கு முன்புவரை நான் அழகு சார்ந்த ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை ஒரு விலையேற்ற அறிவிப்பு மாற்றியது.

அந்த அறிவிப்பை ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்துச் செய்து வாங்கினோம். மேலே நீலப் பட்டை, நடுவில் பம்பின் படம், கீழே புதிய விலைப்பட்டியல். தமிழ் எழுத்து ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு விதமாகத் தெரியும் என்பதால், பட்டியல் முழுவதையும் ஒரே படமாக்கி ஒட்டிவிட்டார். எங்கள் திரையில் கல்யாணப் பத்திரிகையைப் போல இருந்தது. மூன்று நாள் கழித்துத் திருநெல்வேலி டீலர் ஒருவர் பழைய விலையிலேயே ஆர்டர் போட்டபோது, அறிவிப்பைப் பார்க்கவில்லையா என்று தொலைபேசியில் கேட்டேன். "மெயில் வந்திருக்கு சார். திறந்தா பெரிய கட்டம், அதுல ஓரமா ஒரு செவப்பு எக்ஸ். அதுல என்னத்தைப் பாக்கச் சொல்லுதீய?" என்றார்.

அவர் கடையில் மடல் பார்க்க வைத்திருந்த மென்பொருள் அவுட்லுக். வெளியிலிருந்து வரும் மடல்களின் படங்களை, பயனர் கேட்டால் ஒழிய, அது இறக்கிக் காட்டாது. படம் தெரியாதபோது அதனிடத்தில் தெரிய வேண்டிய மாற்று உரையையும் வடிவமைப்பாளர் எழுதவில்லை. எழுதச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. படம் தெரிந்தவர்களுக்கும் பயன் குறைவுதான். 600 பிக்சல் அகலத்துக்குச் செய்த பட்டியல் கைப்பேசித் திரைக்குச் சுருங்கியதில் 3 எது, 8 எது என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருவர் தம் அஞ்சல்பெட்டியில் 'ஃபுட் வால்வு' என்று தேடினால் அந்த மடல் அகப்படவும் செய்யாது. அதில் அந்தச் சொல்லே எழுத்தாக இல்லை.

மறுநாள் காலை, எந்த அலங்காரமும் இல்லாமல் இப்படி ஒரு கடிதம் அனுப்பினேன்: "வணக்கம். அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் ஃபுட் வால்வு, இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல் ஆகிய மூன்றின் விலை மாறுகிறது. அதற்கு முன் வரும் ஆர்டருக்குப் பழைய விலையே பொருந்தும். ஐயம் இருந்தால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்." இதன் கீழே மூன்று வரிகளில் மூன்று விலைகள், அவ்வளவுதான். அன்று மாலைக்குள் பதில்கள் வரத் தொடங்கின. நீலப் பட்டை போட்ட மடலுக்கு ஒருவர்கூடப் பதில் எழுதியிருக்கவில்லை. அதை ஒரு விளம்பரம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நோட்டீசுக்கு யார் பதில் எழுதுவார்கள்?

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். பெறுபவர் பதில் எழுத வேண்டிய கடிதம் என்றால், அது ஓர் ஆள் இன்னோர் ஆளுக்கு எழுதியதாகவே தோற்றமளிக்க வேண்டும். கணினி தானாக அனுப்பும் ரசீது, சரக்கு புறப்பட்ட செய்தி போன்றவற்றுக்கு டெம்ப்ளேட் இருந்துவிட்டுப் போகட்டும்.

உண்மையில் இரண்டில் ஒன்றைத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1992இல் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மின்னஞ்சலுக்காக வகுத்த மைம் என்ற வரையறை, ஒரே மடலுக்குள் ஒரே செய்தியின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்து வைக்க இடம் தருகிறது. எளிய உரை முதலில் வரும், வண்ணமும் படமும் சேர்க்கக்கூடிய எச்டிஎம்எல் வடிவம் பின்னால் வரும். பெறுபவரின் மென்பொருள் தன்னால் காட்ட முடிந்தவற்றுள் கடைசியாக உள்ளதை எடுத்துக்கொள்ளும். ஜிமெயிலில் நாம் 'சும்மா' தட்டி அனுப்பும் மடல்கூட இப்படி இரட்டை வடிவத்தில்தான் போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மொத்தமாக மடல் அனுப்பும் சேவைகள் எளிய உரைப் பகுதியைத் தாமே தயாரித்துக்கொள்வதில்தான் சிக்கல் வருகிறது. எங்கள் நீலப் பட்டை மடலின் மூலத்தைத் திறந்து பார்த்தபோது, அந்தப் பகுதியில் ஒரு முழத்துக்கு நீண்ட இணைப்பு முகவரிகளும் 'இங்கே சொடுக்கவும்' என்ற வரியும் இருந்தன; விலை எதுவும் இல்லை. இப்போது அந்தப் பகுதியைக் கையால்தான் எழுதுகிறேன். முதலில் அதை எழுதிவிட்டுப் பிறகு வடிவமைப்புக்குப் போனால், சொல்ல வேண்டியது எது என்பதும் தெளிவாகிவிடுகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு டெம்ப்ளேட்டில் கூடுதல் தொல்லைகள் உண்டு. சந்தையில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஐந்தாறு எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'ஆர்டரை உறுதிப்படுத்துக' என்று எழுதினால் அது இரண்டு வரியாக உடைந்து நிற்கும். வரி இடைவெளி இறுக்கமாக இருந்தால் மேல்வரியின் கீழ்ச் சுழியும் கீழ்வரியின் மேல்விலங்கும் மோதிக்கொள்ளும். ஆசையாகத் தேர்ந்தெடுத்த எழுத்துரு பெறுபவரிடம் போய்ச் சேருவது அரிது; விண்டோஸ் கணினியில் பெரும்பாலும் அதிலேயே இருக்கும் நிர்மலா என்ற எழுத்துருதான் வந்து நிற்கும். இதோடு பைட் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும்; 'கு' என்ற நம் ஓரெழுத்துக்கோ 6 பைட் வேண்டும். ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மடலை நடுவில் வெட்டி, 'முழுச் செய்தியையும் காண்க' என்ற இணைப்பைக் கீழே வைத்துவிடும். அலங்காரக் குறிமுறைகள் பாதியைத் தின்றுவிட்டால் நீண்ட தமிழ்ச் சுற்றறிக்கை அந்த எல்லையைத் தொட அதிக நேரமாகாது. அவுட்லுக்கைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது எச்டிஎம்எல்லைக் காட்ட, ஆவணம் தட்டச்சுவதற்கான வேர்டின் இயந்திரத்தைப் பயன்படுத்தியதால், மடல் வடிவமைப்பாளர்கள் இன்னமும் அட்டவணைக்குள் அட்டவணை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எளிய உரை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. மூன்று பொருளுக்கு மூன்று வரி போதும். அறுபது பொருளுக்கான பட்டியலை இடைவெளி விட்டு வரிசைப்படுத்தினால், அகலம் மாறும் தமிழ் எழுத்துகளில் பத்திகள் ஆளுக்கொரு பக்கம் சாயும். அதற்குப் படமில்லாத, நிறமில்லாத, கோடு மட்டும் போட்ட எச்டிஎம்எல் அட்டவணை போதுமானது. ஜிஎஸ்டி பில்லை பிடிஎஃப் ஆக இணைத்துவிட்டு, தொகையையும் கெடு தேதியையும் மடலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் முதலாளியைச் சம்மதிக்க வைக்க நாளாயிற்று. "ஏனப்பா, நாலு பேர் பார்க்கிற லெட்டர், லோகோகூட இல்லாம மொட்டையா இருக்குதே?" என்பார். லோகோவை எந்த மோசடிக்காரனும் நொடியில் நகலெடுத்துக்கொள்ளலாம் என்பதையும், மடல் எங்களிடமிருந்துதான் வந்தது என்பதை நிறுவ எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று வேறு ஏற்பாடுகள் இருப்பதையும், மொத்தமாக அனுப்புபவர்களிடம் அவற்றை 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கட்டாயமாக எதிர்பார்ப்பதையும் சொன்னேன். அடுத்து, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கை வெறும் எழுத்தில் கிடைக்காதே என்றார். மடலைத் திறக்கும்போது இறங்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை வைத்து எடுக்கும் கணக்கு அது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் படங்களை, வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், முன்கூட்டியே இறக்கும் வசதியைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. வந்த பதில்களை எண்ணிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பொங்கல் வாழ்த்தை மட்டும் அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன். ஆண்டுதோறும் பானையும் கரும்பும் சூரியனுமாக ஒரு பெரிய படம் போகிறது. அதன் மாற்று உரையில், "இனிய பொங்கல் வாழ்த்துகள். தை 1, 2, 3 விடுமுறை, 4ஆம் தேதி கடை திறக்கும்" என்று நான் எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.