முற்றத்துக்கு எந்தக் கல்?

கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை கொங்கிறீற் போட்டு மூடிவிட்டால் சேறும் இல்லை, கூட்டுவதும் சுகம். ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு மழையை விட்டால் வேறு வரவு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லில் சேர வேண்டும். வளவுத் தண்ணீரை ஒழுங்கைக்குத் திருப்பிவிடுவது சொந்தக் கிணற்றுக்கே செய்யும் கேடு. அதனால் நான் சொல்வது இன்ரர்லொக் கல்தான், அதாவது ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கும் கொங்கிறீற் கல். அதன் இடுக்கால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். காசு காணாதென்றால் சில்லு ஓடும் இடத்தில் மட்டும் 2 அடி அகலத்தில் இரண்டு கொங்கிறீற் பட்டி, நடுவில் 3 அடிக்குப் புல். வெளியில் ரைல்ஸ் வேண்டவே வேண்டாம். மழைக்கு வழுக்கும், கார் ஏற வெடிக்கும்.

நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ. கல் போதும். வாகனம் ஏறினால் 80 மி.மீ. எடுங்கள். 10 அடிக்கு 20 அடி இடத்துக்கு 200 x 100 மி.மீ. கல் ஏறக்குறைய 930 பிடிக்கும். வெட்டுக் கழிவோடு 980 வாங்கலாம். அடித்தளத்துக்குச் சல்லியும் கல்தூளும் கலந்து ஒரு கியூப் (100 கன அடி), மேலே விரிக்க 17 கன அடி மணல். கடல் மணல் ஆகாது, உப்பு.

கல்லைவிட அடித்தளத்தில்தான் வேலை கெடுகிறது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணைக் கிண்டிவிட்டு இறுக்காமல் கல் அடுக்கினால், முதல் மாரியிலேயே பின்சில்லு நிற்கும் இடம் தாழும். கல்லின் ஒரு மூலையை மிதித்தால் மறு மூலை ஆடி, இடுக்கால் சேற்றுத்தண்ணீர் கக்கும். 80 மி.மீ. கல்லுக்கு எட்டேகால் இஞ்சி ஆழம் வெட்டி, நிலத்தை இறுக்கி, 4 இஞ்சி அடித்தளத்தை இரண்டு படையாக, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து மெசினால் இறுக்க வேண்டும். அதன்மேல் 1 இஞ்சி மணல். அதை மட்டப்பலகையால் இழுத்தபின் மிதிக்கக்கூடாது.

ஓரத்துக்குச் சீமெந்துக் கட்டு கட்டாயம். அது இல்லாவிட்டால் சில்லு கல்லை வெளியே தள்ளித் தள்ளி இடுக்கு அகலும். வாகனம் திரும்பும் இடத்தில், கற்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கும் மீன்முள் அடுக்குத்தான் அசையாது. 10 அடிக்கு இரண்டரை இஞ்சி வாட்டம் வைத்து வாழைப்பாத்திப் பக்கம் விடுங்கள். கிணற்றடிக்கு விடாதீர்கள், காரிலிருந்து சொட்டும் எண்ணெயும் கூடவே போகும்.

இடுக்குக்குச் சீமெந்து பூசுவோம் என்று மேசன்மார் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது வெடிக்கும், தண்ணீரையும் மறிக்கும். காய்ந்த மெல்லிய மணலைக் கூட்டி நிரப்பி, மெசினை ஓட்டி, திரும்பவும் நிரப்பினால் போதும். புதுக்கல்லில் வெள்ளை பூத்தால் அசிட் ஊற்ற வேண்டாம். சீமெந்திலிருந்து வரும் சுண்ணாம்பு அது, நாளடைவில் மழையோடு போய்விடும்.