42.34 மீட்டர்: ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, 2025, சனி

1942இல் இதே நாள் விடிவதற்குள் காந்தியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நேரு, படேல், ஆசாத் என்று முன்வரிசையில் இருந்த யாரையும் விடவில்லை. முந்தைய நாள் இரவு பம்பாய் கோவாலியா டேங்க் மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியிருந்தது. இதுவரை பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். என்னைப் பிடித்து வைத்திருப்பது அதற்கடுத்த வாரங்கள். பத்திரிகைக்குத் தணிக்கை. வானொலி அரசாங்கத்தின் கையில். பக்கத்து ஜில்லாவில் துப்பாக்கிச் சூடு நடந்தால்கூட இங்கே இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. 'செய் அல்லது செத்து மடி' என்று சொன்னவர் உள்ளே இருக்கிறார். யார் என்ன செய்கிறார்கள் என்பதை வெளியே யார் சொல்வது?

பம்பாயில் சில இளைஞர்கள் அதைச் சொல்லக் கிளம்பினார்கள், திருட்டு வானொலி ஒன்றை வைத்துக்கொண்டு. அது உயிரோடு இருந்த நாட்களை இந்த வருஷம் தேதி பிசகாமல் பின்தொடர்ந்து எழுதப்போகிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

முதல் ஒலிபரப்பு இன்றுதான். "இது காங்கிரஸ் ரேடியோ. 42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கிருந்தோ பேசுகிறோம்." ஆங்கிலத்தில் சொன்ன அறிவிப்பு, பொருளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பேசிய உஷா மேத்தாவுக்கு அப்போது 22 வயது. சூரத் பக்கம் சரஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேய ஆட்சியில் நீதிபதி. எட்டு வயதிலேயே 'சைமனே திரும்பிப் போ' என்று ஊர்வலத்தில் கத்திய பெண் அவர்.

அலைநீளத்தைச் சொல்லும் அந்த 42.34 என்னை உட்காரவிடவில்லை. ஒளியின் வேகத்தை அதால் வகுத்துப் பார்த்தேன். 7.08 மெகாஹெர்ட்ஸ். அட, இது ஹாம்காரர்களின், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர்களின், 40 மீட்டர் அலைவரிசை! இன்றைக்கு இந்தியாவில் 7.0 முதல் 7.2 வரை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக இந்த இடத்தைத் தாண்டி முள்ளைத் திருகியிருப்பேன்!

ராத்திரி சாப்பிட்டுவிட்டு ரிசீவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். முதலில் வெறும் இரைச்சல். பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்குகள் போடும் சத்தம் பாதி அதில். நிதானமாகத் திருகியதும் வாத்து கத்துவதுபோல ஒரு குரல், இன்னும் மயிரிழை நகர்த்தியதும் அது மனிதக் குரலாயிற்று. யாரோ ஒருவர் தன் ஏரியலின் உயரத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

உஷாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது சரியில்லை. அவருக்கே அது பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். பாபுபாய் காக்கர், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி, அப்புறம் நானிக் மோட்வானி. மோட்வானி 'சிகாகோ ரேடியோ' நிறுவனத்துக்காரர். காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வைத்தது அவர்கள்தான். பழைய புகைப்படங்களில் தலைவர்கள் பேசும் மைக்கைக் கிட்டத்தில் பார்த்தால் அந்தப் பெயர் தெரியும். ரகசிய நிலையத்துக்குக் கருவிகளும் ஆட்களும் அவரிடமிருந்து வந்தன. பேச்சை எழுதவும் வழிநடத்தவும் ராம் மனோகர் லோகியா, அச்யுத் பட்வர்தன் போன்றவர்கள், தலைமறைவாக இருந்தபடியே.

போர் தொடங்கியதுமே அமெச்சூர்களின் கருவிகளை அரசாங்கம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. ஒரு வால்வு, ஒரு கிரிஸ்டல் வாங்கப் போனால்கூட யாருக்கு, எதற்கு என்ற கேள்வி வரும் காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டி எழுப்புவது எவ்வளவு பெரிய வேலை என்பது, சாலிடரிங் இரும்பைப் பிடித்துப் பழகியவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று முழுக்க பம்பாய் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தேன். சௌபாத்தியில் 'சீ வியூ' கட்டடம். லபர்னம் சாலையில் 'அஜித் வில்லா'. சாண்ட்ஹர்ஸ்ட் சாலையில் 'லட்சுமி பவன்'. கிர்காமில் 'பாரேக் வாடி'. கடைசியாக மகாலட்சுமி பக்கம் 'பாரடைஸ் பங்களா'. லபர்னம் சாலையில்தான் மணிபவனும் இருக்கிறது, காந்தி பம்பாய் வந்தால் தங்கிய வீடு. அதே தெருவில் அவருடைய இயக்கத்தின் குரல் ஒளிந்திருந்தது என்று படித்ததும் நெஞ்சு ஒரு கணம் நின்றது.

ஏன் இப்படி வீடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்? ஏரியலிலிருந்து அலை கிளம்பிவிட்டால் அது நண்பன், எதிரி பார்ப்பதில்லை. வளைய ஏரியல் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பினால், ஒரு நிலையில் சத்தம் அடங்கிப்போகும். நிலையம் இருக்கும் திசை அதிலிருந்து கிடைத்துவிடும். இன்னோர் இடத்துக்குப் போய் அதையே செய்து, இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் நீட்டினால், வெட்டும் இடம்தான் வீடு. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்கும்போது திசை குழம்பும். ஆனால் அதே ஊருக்குள் தரையோடு வரும் அலை நேராகவே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எவ்வளவு நேரம் பேசுகிறோமோ அவ்வளவு ஆபத்து. ஒரே இடத்தில் எத்தனை நாள் இருக்கிறோமோ அதுவும் ஆபத்து.

பேச்சைப் பதிவு செய்யும் இடம் வேறு, ஒலிபரப்பும் இடம் வேறு என்று பிரித்துக்கொண்டார்கள். இசைத்தட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். யாராவது பிடிபட்டாலும் மொத்தமும் போய்விடக் கூடாதே. டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, எடுத்துப்போய், புது வீட்டில் ஏரியல் கட்டி, மறுபடி சுருதி சேர்த்து, அன்று மாலைக்குள் தயாராக வேண்டும். வீரம் என்றால் எனக்கு இப்போது இந்த வேலைதான் கண்முன் வருகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

என்ன பேசினார்கள்? 'ஹிந்துஸ்தான் ஹமாரா' பாட்டோடு ஆரம்பம், 'வந்தே மாதரம்' முடிவு. நடுவில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்தியும் உரையும். சிட்டகாங்கில் விழுந்த குண்டு, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் வேலைநிறுத்தம், சீமூர், ஆஷ்டி கிராமங்களில் நடந்த கொடுமைகள். பத்திரிகை தொடப் பயந்ததை இவர்கள் சொன்னார்கள். அதைத் தடுக்க அரசு வானொலி குறுக்கே இரைச்சல் போட்டது. அகில இந்திய வானொலியின் ஆங்கில எழுத்துகள் மூன்றையும் வைத்து, அதற்கு 'இந்தியாவுக்கு எதிரான வானொலி' என்று இவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு விஷயம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. இந்த ஒலிபரப்புகளில் பல, வார்த்தை வார்த்தையாக இன்று நமக்குக் கிடைக்கின்றன. காரணம் போலீஸ். தினமும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தார்கள், வழக்குக்கு ஆதாரமாக. தணிக்கை செய்த பத்திரிகைகளில் இல்லாத செய்தி அரசாங்கத்தின் சொந்தக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. எழுதிய அந்தக் காவலரும் இந்தியர்தானே இருந்திருப்பார்! சீமூர் செய்தியைக் காதில் வாங்கிக் காகிதத்தில் இறக்கும்போது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னல் வெடிப்புகள் தவிர ஒன்றுமில்லை. ஏரியலைக் கழற்றிவிட்டேன்.

சுபாஷ் போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி பற்றிப் படித்தேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த சில நாட்களில் பெர்லினிலிருந்து தன் பெயரிலேயே பேசத் தொடங்கினார். பிறகு சிங்கப்பூர், ரங்கூன். தமிழிலும் ஒலிபரப்பினார்கள். காந்தியை 'தேசத்தின் தந்தை' என்று அவர் அழைத்தது 1944 ஜூலை 6 அன்று, அந்த வானொலியில்தான். பெரிய விஷயம். ஆனால் அங்கே பின்னால் ஓர் அரசாங்கத்தின் டிரான்ஸ்மிட்டர் இருந்தது. பம்பாய்ப் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் இல்லை. கதவைத் தட்டினால் திறக்க வேண்டியதும் அவர்களேதான். என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

நவம்பர் 12, புதன்

கடைசி நாள். காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை.

முதலில் பாபுபாயின் அலுவலகத்தில் சோதனை. உஷா தப்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார். இன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்தியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மாலையில் பாரடைஸ் பங்களாவுக்குப் போனார். சந்திரகாந்த் கூட இருந்தார். பாட்டு, செய்தி, உரை எல்லாம் முடிந்து, 'வந்தே மாதரம்' ஓடிக்கொண்டிருக்கும்போது கதவை உடைத்துக்கொண்டு போலீஸ். நிறுத்து என்றார்கள். நிறுத்தவில்லை.

இடத்தைக் காட்டிக்கொடுத்தது, அந்த டிரான்ஸ்மிட்டரைக் கட்டித் தந்த தொழில்நுட்பக்காரர். அவரை முன்பே பிடித்திருந்தார்கள். அந்த நாட்களைத் தன் வாழ்வின் மிக உயர்ந்த தருணம் என்று சொன்ன உஷா, ஓர் இந்தியரே காட்டிக்கொடுத்ததை மிகத் துயரமான தருணம் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. அதோடு, லாக்கப்பில் அந்த மனிதருக்கு என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியும் வருகிறது. கோபம் மட்டும் போதும் என்று முடித்துக்கொள்ள எனக்கு முடியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

விசாரணை என்ற பெயரில் ஆறு மாதம் உஷாவைத் தனிமையில் வைத்தார்கள். நண்பர்களைக் காட்டிக்கொடுத்தால் வெளிநாட்டில் படிக்க அனுப்புகிறோம் என்று ஆசை காட்டினார்கள். நீதிமன்றத்தில் அவர் ஒன்றுதான் கேட்டார்: கேள்விகளுக்கு நான் பதில் சொல்லித்தான் ஆகவேண்டுமா? கட்டாயமில்லை என்றார் நீதிபதி. அப்படியானால் எதற்கும் பதில் இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட, என்றுவிட்டார்.

பாபுபாய்க்கு ஐந்து வருஷம், உஷாவுக்கு நான்கு, சந்திரகாந்துக்கு ஒன்று. விட்டல்தாஸும் மோட்வானியும் விடுதலை. உஷா எரவாடா சிறையிலிருந்து 1946இல் வெளியே வந்தார். காந்தியச் சிந்தனையில் முனைவர் பட்டம் வாங்கி, பம்பாயில் அரசியல் பாடம் நடத்தினார். பிற்காலத்தில் லபர்னம் சாலை மணிபவனைப் பொறுப்பேற்றுக் கவனித்துக்கொண்டார்.

மழை சற்று விட்டிருக்கிறது. ஏரியலை மறுபடி கட்டிவிட்டேன். சாயங்காலம் 7.08இல் ஒரு புதுப் பையன் தடுமாறித் தடுமாறித் தன் அழைப்புக்குறியை, ஹாம்காரர்களின் அடையாளப் பெயரை, சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவைதான் யாரோ பதில் கொடுத்தார்கள்.