கரண்ட் போய் வந்தால் 1970க்குப் போகும் சுவிட்ச்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளில் கமராக்களுக்குப் போடும் சிறிய மனேஜ்ட் சுவிட்ச்கள் (நெட்வேர்க் வயர்களை இணைக்கும், செட்டிங் மாற்றக்கூடிய பெட்டிகள்) பலவற்றில் கடிகாரத்துக்கென்று பற்றரி இல்லை. கரண்ட் போய் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று எழும்பும். சிஸ்கோ சுவிட்ச் என்றால் 1993 மார்ச் 1. எந்த போர்ட் எப்போது விழுந்தது என்று லொக்கில் பார்த்து என்விஆர் (கமரா வீடியோவைப் பதியும் பெட்டி) பதிவோடு ஒப்பிடவே முடியாது. அதற்குத்தான் என்டிபி: நெட்வேர்க் வழியாக ஒரு நேர சேர்வரிடம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை.

முதலில் கேட்வே, அதாவது வெளி நெட்வேர்க்குக்குப் போகும் வழியான ரவுட்டரின் ஐபி. அதே நெட்வேர்க்கில் உள்ள லப்டொப்பில் சுவிட்சின் பக்கம் திறக்கும், அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். டீபோல்ட் கேட்வே கொடுக்காவிட்டால் சுவிட்ச் வெளியே போகாது. சேர்வரைப் பெயரால் கொடுப்பதாக இருந்தால், பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் வேண்டும்.

என் விருப்பம், சுவிட்சை நேரே இன்டர்நெட்டுக்கு விடாமல் ரவுட்டரையே உள் நேர சேர்வராக்குவது. மைக்ரோடிக் ரவுட்டர்களின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7இல் என்டிபி சேர்வர் உள்ளேயே இருக்கிறது. 6இல் தனிப் பக்கேஜ் ஏற்ற வேண்டும். ரவுட்டருக்கு வெளியே நான்கு சேர்வர் கொடுங்கள். இரண்டு மட்டும் கொடுப்பதுதான் மோசம்: இரண்டும் முரண்பட்டால் எது பொய் என்று அதற்குத் தெரியாது. சுவிட்ச், என்விஆர் எல்லாவற்றுக்கும் ரவுட்டரின் ஐபி போதும். லைன் விழுந்தாலும் அவை தங்களுக்குள் ஒத்துப்போகும், ரவுட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும் வரை.

நேரம் சரியாக அரை மணித்தியாலம் முந்தினால் என்டிபியைக் குறை சொல்லாதீர்கள். என்டிபி கொண்டுவருவது யூடிசி என்ற உலகப் பொது நேரம் மட்டுமே. உள்ளூர் நேரமாக்குவது டைம்சோன். இலங்கை 1996இல் முதலில் +6:30க்கும் பிறகு +6:00க்கும் மாறி, 2006 ஏப்ரல் 15இல்தான் +5:30க்குத் திரும்பியது. பழைய பேர்ம்வெயாரில் (சாதனத்தின் உள் மென்பொருளில்) கொழும்பு இன்னும் +6:00ஆக இருக்கலாம். அப்படியானால் டைம்சோன் பட்டியலில் சென்னை, கொல்கத்தா வரியைத் தெரிவு செய்யுங்கள். கையால் முள்ளைத் திருப்பினால் அடுத்த ஒத்திசைவில் பழையபடி வரும். சிஸ்கோவில் டைம்சோனுக்கு மணி 5ஐயும் நிமிடம் 30ஐயும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 30ஐ விட்டால் அரை மணித்தியாலம் பிந்தும். டேலைட் சேவிங் நிறுத்தியே இருக்கட்டும்.

பிறகு அவசரப்படாதீர்கள். சுவிட்ச் கேட்கும் நேர சேர்வர்களைக் காட்டும் அசோசியேஷன் பட்டியலில் சேர்வருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வர வேண்டும். அதே பட்டியலில் ரீச் என்ற எண் 377 என்றால் கடைசி எட்டு வினவலுக்கும் பதில் வந்திருக்கிறது. 64 செக்கனுக்கு ஒன்று என்று பார்த்தால் அதற்கே எட்டரை நிமிடம் போகும். ரீச் 0இலேயே நின்றால் கேட்வேயைப் பாருங்கள், அல்லது பயர்வோலில் என்டிபியின் போர்ட்டான யூடிபி 123 அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரேட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண்) 16 என்றால் இன்னும் ஒத்திசையவில்லை. சில சாதனங்கள் 1000 செக்கனுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்த மறுக்கும். அங்கே மட்டும் திகதியை ஒருமுறை கையால் கிட்டவாக வைத்துவிடுங்கள்.

அப்ளை மட்டும் அழுத்திவிட்டு எழும்ப வேண்டாம், சேவ் தனி. சேவ் செய்த பிறகு பிளக்கைக் கழற்றி மாட்டி, பத்து நிமிடம் கழித்து நேரத்தைப் பாருங்கள்.