குனிந்து பார்த்ததில் போன முக்கால் இஞ்ச்

எனக்கென்று தைத்த முதல் இரண்டு டாப்பிலும் ஒரே குறை. முன்பக்கக் கீழ்விளிம்பு மேலே ஏறி நின்றது. முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, துணி குறுக்குவாட்டில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் மடிப்பு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. தையலில் கோளாறு இல்லை, அளவில்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. மூன்றாவது துணியைத் தொடாமல், அளவை மட்டும் முதலிலிருந்து எடுக்க உட்கார்ந்தேன்.

முதலில் டேப்பையே சோதித்தேன். வெகு நாளாகக் கையில் இருந்த துணி டேப். இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் 36 இஞ்சுக்குள் கிட்டத்தட்ட கால் இஞ்ச் நீண்டிருந்தது. இழுபட்ட டேப் உடம்பைக் குறைத்துக் காட்டும். அதை ஒதுக்கிவிட்டு ஃபைபர்கிளாஸ் டேப்புக்கு மாறினேன்.

அடுத்து, எங்கிருந்து எங்கே அளப்பது என்பது. இடுப்பு எங்கே என்று என்னைக் கேட்டால் நாளுக்கு ஓர் இடத்தைக் காட்டியிருப்பேன். அரை இஞ்ச் எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றிக் கட்டி, இடமும் வலமும் நாலு தடவை சாய்ந்தேன். அது தானே நகர்ந்து உடம்பு மடியும் இடத்தில் போய் உட்கார்ந்தது. அளந்து முடியும் வரை அதை அவிழ்க்கவில்லை. பின்கழுத்துக்கு, தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு. கழுத்தெலும்புகளில் ஏழாவது அது. விரலால் தடவிக் கண்டுபிடித்து, நிமிர்ந்த பிறகு அதே இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினேன். தோள் முனைக்கு, கையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கினால் தோளில் ஒரு குழி விழும். அங்கே இன்னொரு ஸ்டிக்கர். உடம்போடு ஒட்டிய மெல்லிய பனியன் போட்டுக்கொண்டதால் இதெல்லாம் சுலபமாக இருந்தது.

தனியாக அளந்து முடித்துவிட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டேன். ஒத்துப் பார்க்க என்று கூப்பிட்டது, கடைசியில் எல்லாவற்றையும் அவளே அளக்க வேண்டியதாயிற்று.

மார்புச் சுற்றளவு நான் எடுத்தபோது 35¾. அவள் எடுத்தபோது 36½. காரணம் கண்ணாடியில் தெரிந்தது. நான் முன்னால் டேப்பைப் பிடித்திருக்கும்போது முதுகில் அது ஒன்றரை இஞ்ச் கீழே வழுக்கியிருந்தது. டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும், கை இரண்டும் தொங்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் தனக்குத்தானே எப்படி அளப்பது?

நீளத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. தோளில் கழுத்தோரத்திலிருந்து மார்பின் மேலாக எலாஸ்டிக் வரை முன் உயரம் எடுத்தாள். எண் என்ன என்று பார்க்கத் தலையைக் கவிழ்த்தேன்.

"குனியாதே. நேரா பாரு. நம்பர நான் சொல்றேன்."

நிமிர்ந்ததும் 17¼. என் நோட்டில் 16½ என்று இருந்தது. பின் உயரம், கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை, நான் எழுதியது 16¾, அவள் எடுத்தது 15¾. டேப்பைப் படிக்கக் குனிந்த ஒவ்வொரு தடவையும் முன்பக்கம் சுருங்கியிருக்கிறது, முதுகு நீண்டிருக்கிறது. அந்த எண்களை நம்பி வெட்டிய துணி முன்னால் ஏறாமல், பின்னால் தொங்காமல் என்ன செய்யும்? இரண்டு டாப்பும் முதல் நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

பக்கத் தையல் விவகாரம் மட்டும் பாக்கி. சுற்றளவை நாலால் வகுத்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அகலம் வைப்பது என் வழக்கம். இந்த முறை அக்குளுக்கு நேர் கீழே இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒட்டும் டேப் துண்டு ஒட்டி, முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் அளக்கச் சொன்னேன். முன் 19¼, பின் 17¼. இரண்டு இஞ்ச் வித்தியாசம்! சரிபாதியாகப் பிரித்தபோது முன்பக்கத்துக்கு ஓர் இஞ்ச் பற்றாமல் போய், அது தையலைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. மொத்தச் சுற்றளவு சரியாக இருந்தாலும் இந்தக் குறை வரும். அளவெடுப்பதில் எனக்கு இதைவிடப் பயன்பட்டது வேறில்லை, துணி வெட்ட பேட்டர்ன் வரைகிற எல்லாரும் ஒரு தடவையாவது இப்படி அளந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் மூச்சைப் பிடிக்காமல் இரண்டு தடவை எடுத்தோம். கால் இஞ்சுக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது தடவை. கை நீளத்தை முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, அதன் மேலாகவே மணிக்கட்டு எலும்பு வரை எடுத்தோம். கையை விறைப்பாக நீட்டி எடுத்தால், மடக்கும்போது சட்டைக்கை மேலே ஏறிவிடும்.

மார்பில் மொத்தம் 3 இஞ்ச் லூஸ் வைத்தேன். அதோடு முன்பக்கத்தில் பாதி 10⅜, பின்பக்கத்தில் பாதி 9⅜. தையலுக்கு விடுவது தனி. பழைய படுக்கை விரிப்பில் மாதிரி வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பார்த்தேன். முதுகு மடிப்பு இல்லை. கீழ்விளிம்பு முன்னும் பின்னும் ஒரே மட்டம். பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராக இறங்கியது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

கையைத் தூக்கினால் மட்டும் டாப் முழுவதும் கூடவே மேலே வருகிறது. சட்டைக்கை சேரும் வளைவான கைக்குழியைத் தாராளமாக இறக்கியதுதான் காரணம். ஆழமான கைக்குழி கையைக் கட்டிப்போடும். அதன் ஆழத்தை நான் அளக்கவே இல்லை, பழைய சட்டையைப் பார்த்து வரைந்திருந்தேன். இனி இரண்டு அக்குளிலும் ஒரு காகிதப் பட்டையை முதுகின் குறுக்காக இடுக்கிக்கொண்டு, கழுத்தெலும்பிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அதற்கும் அக்காதான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறாள், மூன்றாவது துணி இன்னும் மடித்தபடியே இருக்கிறது.